பெங்களூருக்குப் புதிதாக வந்த தமிழருக்கு: நிகழ்ச்சிகளைத் தெரிந்துகொள்ளவும் போய்ச் சேரவும் ஒரு வழிகாட்டி

பெங்களூருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு ஒரே குறைதான். ஊரில் என்னென்னவோ நடக்கிறது, ஆனால் நடந்து முடிந்த பிறகே தெரியவருகிறது. குறை நியாயமானது. கன்னடம், தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, உருது என்று இங்கே ஒவ்வொரு வட்டமும் தன் ஆட்களுக்கு மட்டும் சொல்லிக்கொள்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் அறிவிப்புப் பலகை எங்கும் இல்லை. அலுவலகம், வீடு, மால் என்றே இரண்டு வருடம் ஓடிவிடும். அதன் பிறகு இந்த ஊர் ஒட்டவில்லை என்று கிளம்பிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஊரை அவர்களுக்கு யாரும் காட்டவே இல்லை.

தனித்தனி நிகழ்ச்சிகளைத் தேடி அலைவதைவிட, இரண்டு மூன்று அரங்குகளை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள், சரியான காலண்டர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் மெட்ரோ நிலையத்திலிருந்து தொடங்குங்கள்

எந்த நிகழ்ச்சி நல்லது என்பதைவிட, எந்த இடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. ஒயிட்ஃபீல்டிலிருந்து மாலை ஆறு மணிக்கு காரில் கிளம்பி ஜே.பி. நகரில் ஏழரை மணி நாடகத்தைப் பார்க்க நினைப்பது வீண். அதனால் மெட்ரோ வரைபடத்தை எடுத்து, உங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய அரங்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு, கே.ஆர். புரம் பக்கம் இருப்பவர்களுக்கு 2023 அக்டோபர் முதல் பர்ப்பிள் லைன் முழுதாக ஓடுகிறது. ஹலசூரு நிலையத்தில் இறங்கினால் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்குக் கொஞ்ச தூர ஆட்டோதான். நாம் அல்சூர் என்று சொல்வதைப் பலகைகளில் ஹலசூரு என்று எழுதியிருப்பார்கள், குழம்ப வேண்டாம். அதே லைனில் கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கினால் கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், 2023இல் திறந்த கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம் எல்லாம் நடை தூரம்.

எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கத்தில் இருப்பவர்கள் முன்பெல்லாம் மாலை நேரத்தில் ஊருக்குள் வரவே யோசிப்பார்கள். 2025 ஆகஸ்டில் எல்லோ லைன் வந்த பிறகு ஆர்.வி. ரோடு வரை நேராக வந்து, அங்கே கிரீன் லைனுக்கு மாறிவிடலாம். கிரீன் லைன்தான் கலை ரசிகர்களுக்குப் பெரிய வரம். லால்பாக், பசவனகுடிக்கு நேஷனல் காலேஜ், சாமராஜப்பேட்டைக்கு கே.ஆர். மார்க்கெட், மல்லேஸ்வரத்துக்கு சம்பிகே ரோடு என்று பழைய பெங்களூரின் சபாக்களும் கோயில்களும் அந்த ஒரே கோட்டில் கிடக்கின்றன.

உங்கள் அரங்கு எது?

கர்நாடக இசை உங்களுக்கு முக்கியம் என்றால் கே.ஆர். சாலையில் உள்ள பெங்களூரு காயன சமாஜம். 1905இல் தொடங்கிய சபா இது. வயலின் வடிவில் கட்டிய சௌடய்யா நினைவு மண்டபம் மல்லேஸ்வரத்தை அடுத்து இருக்கிறது. அங்கே கச்சேரியோடு நடனம், நாடகம், பள்ளி ஆண்டு விழா எல்லாமே நடக்கும். அதனால் தேதியையும் நிகழ்ச்சியையும் சரிபார்த்துக்கொண்டு போங்கள்.

நாடகத்துக்கு ஜே.பி. நகரின் ரங்க சங்கரா. நடிகர் சங்கர் நாகின் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று எழுப்பி 2004இல் திறந்த அரங்கம். கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று பல மொழி நாடகங்கள் வரும், தமிழும் எப்போதாவது வரும். இங்கே ஒரு விதி கண்டிப்பானது: நாடகம் தொடங்கிவிட்டால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட் கையில் இருந்தாலும், மழை கொட்டினாலும் அதே பதில்தான். ஏழரை நாடகத்துக்கு ஏழு மணிக்கே வாசலில் இருங்கள். இந்த விதிக்காகவே நான் அந்த அரங்கை மதிக்கிறேன். நடிக்கிறவரின் முகத்துக்கு நேரே செல்போன் வெளிச்சத்தில் இருக்கை தேடும் கொடுமை அங்கே கிடையாது.

செலவில்லாமல் கன்னட நாடகமும் இசையும் கேட்க வேண்டுமானால் ஜே.சி. சாலைக்குப் போங்கள். 1963இலிருந்து இருக்கும் ரவீந்திர கலாக்ஷேத்ரா, அதன் பின்னால் சம்ஸ திறந்தவெளி அரங்கம், பக்கத்திலேயே கன்னட பவனில் நயனா அரங்கம் என மூன்றும் ஒரே வளாகத்தில். மூன்றில் ஏதாவது ஒன்றில் மாலையில் விளக்கு எரியும். பெரும்பாலும் அரசு ஆதரவில் நடப்பவை என்பதால் அனுமதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ இருக்கும். தொடக்கத்தில் கர்நாடகத்தின் மாநில கீதம் பாடுவார்கள், எல்லோரோடும் எழுந்து நில்லுங்கள்.

சொற்பொழிவு, புத்தக உரையாடல் என்றால் தோமலூரில் உள்ள பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் முன்பதிவு செய்தால் போதும். ஆனால் பதிவு செய்தவருக்கெல்லாம் இருக்கை உறுதி என்று நினைக்காதீர்கள், முன்னால் வருகிறவருக்கே இடம். பசவனகுடியில் பி.பி. வாடியா சாலையில் 1945இலிருந்து நடக்கும் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் வேர்ல்ட் கல்ச்சர் அமைதியான இடம். நூலகம் இருக்கிறது, மாலை உரைகள் நடக்கும், வருகிறவர்களில் பெரியவர்கள் அதிகம். பணி ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகளோடு வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். பகலெல்லாம் அபார்ட்மென்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு, வாரம் ஒரு மாலை வெளியே போய்வர இடம் இருப்பது பெரிய விஷயம்.

காலண்டர் விஷயம்: இங்கேதான் தமிழர்கள் ஏமாறுகிறோம்

நம் வீட்டுத் தினசரி காலண்டரை வைத்துக்கொண்டு பெங்களூர்த் திருவிழாத் தேதிகளைக் கணக்குப் போடக் கூடாது. தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதை வைத்துப் பிறக்கிறது. கன்னட மாதம் அமாவாசைக்கு மறுநாள் பிறக்கிறது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் நாட்கள் வேறு.

பசவனகுடியின் கடலேகாய் பரிஷெயை, அதாவது கடலைக்காய்த் திருவிழாவை, எடுத்துக்கொள்ளுங்கள். அது கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. நம் கணக்கில் கார்த்திகை கடைசித் திங்கள் என்றால் டிசம்பர் நடுவில் வரும். ஆனால் கன்னடக் கார்த்திகம் தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே பிறந்துவிடுகிறது. 2025இல் பரிஷெ நவம்பர் 17ஆம் தேதி தொடங்கியது. நமக்குக் கார்த்திகை அப்போதுதான் பிறந்திருந்தது. டிசம்பரில் போயிருந்தால் வெறும் சாலையைத்தான் பார்த்திருக்க முடியும்.

கரகமும் அப்படித்தான். திகளர்ப்பேட்டை தர்மராயர் கோயில் திருவிழாவான பெங்களூர் கரகம் சைத்ர பௌர்ணமி இரவு நடக்கிறது. சில வருடங்களில் அதுவும் நம் சித்ரா பௌர்ணமியும் ஒன்றாகவே வரும், 2024இல் இரண்டும் ஏப்ரல் 23. அடுத்த வருடமே, 2025இல், கரகம் ஏப்ரல் 12, நம் சித்ரா பௌர்ணமி மே 12. முழுதாக ஒரு மாத இடைவெளி.

அதனால் டிசம்பர் கடைசியில் புத்தகக் கடைகளிலும் சாலையோரத்திலும் விற்கும் பெங்களூர் பிரஸ் காலண்டரை ஒன்று வாங்கி, உங்கள் தமிழ்க் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். உள்ளூர்ப் பண்டிகை, விரதம், விடுமுறை எல்லாம் கன்னடக் கணக்கில் அதில் இருக்கும். பழைய பெங்களூர் வீடுகளில் அந்தக் காலண்டர் தொங்காத சுவரைப் பார்ப்பது அபூர்வம்.

வருடத்தில் தவறவிடக் கூடாதவை

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை வாக்கில் குமாரகிருபா சாலை முழுக்கச் சித்திரச் சந்தை. கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்துகிறது. ஓவியர்கள் நேரில் உட்கார்ந்து விற்பார்கள், வாங்காவிட்டாலும் அவர்களோடு பேசலாம். காலை எட்டு, ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் நகர முடியாது. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி லால்பாக் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடக்கும். வார நாள் காலை, மெட்ரோவில் லால்பாக் நிலையம். விடுமுறை நாளன்று குழந்தைகளோடு போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

சென்னைக்கு மார்கழி என்றால் பெங்களூருக்கு ராமநவமி. சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939இலிருந்து நடத்திவரும் விழா ஒரு மாதம் வரை போகும். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய மேடை. குளிரூட்டிய சபாவுக்குப் பழகியவர்களுக்கு முதலில் வித்தியாசமாகத் தெரியும். கோடைக்கால மாலை, பந்தல், அந்தப் பக்கத்துச் சாலையில் பஸ் சத்தம். ராகம் நின்று விரியத் தொடங்கியதும் அந்தச் சத்தம் காதில் விழாது. தினசரி டிக்கெட்டும் உண்டு, முழு விழாவுக்குமான பாஸும் உண்டு. இரண்டு மூன்று கச்சேரி மட்டும் கேட்கிறவருக்கு தினசரி டிக்கெட் போதும். பிரபலமானவர் பாடும் நாளில் அரை மணி முன்னதாகப் போங்கள். கே.ஆர். மார்க்கெட் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். ராமநவமி அன்று பகலில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் பானகம், மோர், கோசம்பரி கொடுப்பார்கள். தெரியாத வீட்டார் கூப்பிட்டுக் கொடுத்தாலும் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அன்று அதுதான் மரியாதை.

கரகம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கு அந்நியமான திருவிழா இல்லை. திகளர்ப்பேட்டை தர்மராயர் கோயிலில் திரௌபதியைச் சக்தியாகக் கும்பிடுகிறார்கள். நடத்துகிற திகளர் சமூகத்தார் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து தோட்டப் பயிரில் பேர் வாங்கியவர்கள். வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் தீமிதி பார்த்தவர்களுக்கு உடனே நெஞ்சில் ஒட்டும். பத்து நாளுக்கு மேல் சடங்குகள் நடந்தாலும் வெளியூர்க்காரர் பார்க்க வேண்டியது பௌர்ணமி இரவுதான். நள்ளிரவுக்கு மேல், பெண் வேடமிட்ட பூசாரி மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் தாங்கிக் கோயிலிலிருந்து வெளியே வருவார். கையால் தொடாமல் வருவார். சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். பேட்டைத் தெருக்கள் வழியாகச் சுற்றி, மஸ்தான் சாகிபு தர்காவில் நின்று மரியாதை பெற்று, விடியும்போது கோயில் திரும்பும்.

கோயில் வாசலில் நிற்க முயலாதீர்கள், கூட்டம் தாங்காது. ஊர்வலம் வரும் வழியில் ஒரு தெருமுனையைப் பிடித்துக்கொண்டு, கடைப் படிக்கட்டு கிடைத்தால் ஏறி நில்லுங்கள். சின்னக் குழந்தைகளைக் கூட்டிப் போக வேண்டாம். கரகம் எதிரே வரும்போது பாதையை மறித்துப் படமெடுப்பது கூடவே கூடாது, வீரகுமாரர்கள் அதைப் பொறுக்கமாட்டார்கள். மெட்ரோ இரவு பதினொரு மணி வாக்கில் நின்றுவிடும் என்பதால் ஒன்று விடியும்வரை இருப்பதாகத் திட்டமிடுங்கள், அல்லது ஆட்டோவுக்கு ஆகும் பணத்தை எடுத்து வையுங்கள்.

ஆடி மாதம் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், மர்ஃபி டவுன் தெருக்களுக்குப் போய்ப் பாருங்கள். மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், ஆடிக் கிருத்திகைக்கு அல்சூர் முருகனுக்குக் காவடி வரும். ஊரில் இருப்பதாகவே தோன்றும். ஆகஸ்ட் 29 அன்று சிவாஜிநகர் தூய மரியன்னை பேராலயத்தில் கொடியேறி, செப்டம்பர் 8 அன்று தேர்ப்பவனி. காவி உடுத்தி நோன்பிருந்து வருகிறவர்களைப் பார்த்தால் வேளாங்கண்ணி நினைவு வரும். தமிழில் திருப்பலி உண்டு.

நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம். அந்த மாதம் முழுக்க ஊரெங்கும் மேடைகள் இருக்கும். அதை ஒட்டியே பரிஷெ வரும். நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி புல் டெம்பிள் சாலைக்கு நடந்தால், இரண்டு பக்கமும் கடலைக்காய்க் குவியல்தான். பச்சை, வறுத்தது, வேகவைத்தது, சின்னப் பருப்பு, மூன்று பருப்புக் காய் என்று வகை வகையாக. கோலார், மாகடியிலிருந்து மட்டுமல்ல, தர்மபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளும் வருவார்கள், அதனால் தமிழிலேயே விலை பேசலாம். வாயில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். முதல் கடையில் வாங்காமல் தொட்ட கணபதி கோயில்வரை போய்விட்டுத் திரும்பும்போது வாங்கினால் விலை பிடிபடும். துணிப்பை கொண்டுபோங்கள்.

டிசம்பரில் பெங்களூர் இலக்கியத் திருவிழா, 2012 முதல் நடக்கிறது, அனுமதி இலவசம். 2022 டிசம்பரிலிருந்து தமிழுக்கென்று தனியாகப் புத்தகத் திருவிழாவும் நடந்துவருகிறது. சென்னைப் புத்தகக் காட்சிக்காகக் காத்திருக்காமல் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்க அதைவிட நல்ல வாய்ப்பு இங்கே இல்லை.

தமிழ் வட்டத்துக்குள் நுழைவது எப்படி

தமிழ்ச் சங்கம் 1950இல் தொடங்கியது. பொது நிகழ்ச்சிகளுக்கு வர நீங்கள் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. முதல் முறை நிகழ்ச்சி இல்லாத நாளில், நூலகம் பார்க்கிற சாக்கில் போங்கள். அலுவலகத்தில் இருப்பவரிடம் வரும் மாதம் என்ன இருக்கிறது என்று கேட்டு, அறிவிப்பு வரும் வாட்ஸப் குழு இருந்தால் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கூட்டம் நடக்கும் நாளில் போனால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. அப்படியே பக்கத்தில் இருக்கும் திருவள்ளுவர் சிலையையும் பார்த்துவிடுங்கள். 1991இலிருந்து திறக்க முடியாமல் கோணிக்குள் மூடிக்கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறந்த சிலை. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். தை இரண்டாம் நாள் வள்ளுவருக்கு மாலையிட இங்கே கூடுவார்கள்.

தினத்தந்தியின் பெங்களூர் பதிப்பு, உள்ளூர் நாளிதழான தினச்சுடர் இரண்டிலும் சின்ன எழுத்தில் வரும் நிகழ்ச்சி அறிவிப்புகளைப் படியுங்கள். கோயில், மெஸ், தமிழ் மளிகைக் கடைச் சுவரொட்டிகளில் இருப்பது இணையத்தில் வராது. கண்ணில் பட்டதும் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். தமிழ் நிகழ்ச்சிகளோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். கன்னடம் புரியாது என்று தயங்குகிறவர்கள் இசையிலோ ஓவியத்திலோ தொடங்கலாம். பக்கத்து இருக்கைக்காரரிடம் அரைகுறைக் கன்னடத்தில் “யாரு ஹாடுத்தாரே?” (யார் பாடுகிறார்கள்?) என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிலோடு ஒரு சிரிப்பும் வரும், பல சமயம் தமிழிலேயே பதில் வரும்.

பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு

வருடத்தில் ஒரே நாள் ஒதுக்க முடியும் என்றால் இந்திய அறிவியல் கழகத்தின் திறந்த நாளுக்கு ஒதுக்குங்கள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை வரும். ஆய்வுக்கூடங்களைத் திறந்துவைத்து, ஆராய்ச்சி மாணவர்களே நின்று விளக்குவார்கள். அனுமதி இலவசம். வளாகம் மிகப் பெரியது, எல்லாத் துறையையும் பார்க்க நினைத்தால் வரிசையில் நின்றே பொழுது போய்விடும். முந்தின நாளே பட்டியலைப் பார்த்து மூன்று நான்கு துறைகளைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். காலையில் கூட்டம் சேரும் முன் விண்வெளிப் பொறியியல் பக்கம் போய்விடுங்கள். தண்ணீர், தொப்பி, சாப்பாடு கையில் இருக்கட்டும்.

நேரு கோளரங்கத்தில் படக்காட்சி தவிர, மாதம் ஒரு ஞாயிறு மாலையில் காப்பி வித் க்யூரியாசிட்டி என்ற பேரில் விஞ்ஞானிகளின் பொது உரை நடக்கிறது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றது, பெரியவர்களும் கேட்கலாம். ஹெப்பாள் பக்கம் 2024 ஜனவரியில் திறந்த சயின்ஸ் கேலரிக்கும் கட்டணம் இல்லை. வீட்டில் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க நேரமில்லாதவர்கள் குடியிருப்பு வளாகத்திலேயே நான்கு குடும்பமாகச் சேர்ந்து ஞாயிறு வகுப்பு தொடங்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, பாடத்திட்டத்துக்கு வேறு எங்கும் அலைய வேண்டாம்.

போகிற நாளில்

காலையில் ஒருமுறை அமைப்பாளரின் பக்கத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் திறந்தவெளி நிகழ்ச்சிகள் கடைசி நேரத்தில் அரங்குக்கு மாறும், தேர்தல் நேரத்தில் அரசு விழாக்கள் தள்ளிப்போகும். டிக்கெட்டுக்கு புக்மைஷோவோ அரங்கத்தின் சொந்தத் தளமோ போதும். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய இணைப்பில் பணம் கட்ட வேண்டாம். செல்லில் கிடைக்கும் சீட்டைப் படமாகச் சேமித்துவிடுங்கள், அரங்க வாசலில் சிக்னல் இல்லாமல் போவது சகஜம்.

திரும்பி வருவதை முன்கூட்டியே யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். கச்சேரி ஒன்பதரைக்கு முடிந்து எல்லோரும் ஒன்றாக வெளியே வரும்போது ஆட்டோ கிடைப்பது கஷ்டம். அதற்காக நம்ம யாத்ரி என்ற ஆட்டோ செயலியில் மங்களம் பாடும் முன்பே பதிவு செய்ய வேண்டாம், அது பாடகருக்கு மரியாதை இல்லை. முடிந்ததும் மெட்ரோ நிலையம்வரை நடங்கள். அதே திசையில் நடக்கிறவர்கள் அன்றைய கச்சேரியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருவார்கள். நீங்களும் பேச்சில் சேர்ந்துகொண்டு, அடுத்த வாரம் எங்கே போகப்போகிறார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள்.